சேலை விலையை வாங்குபவரின் நாட்டுக் காசில் காட்டுவது: செய்தவர்கள் சொல்லுங்கள்

கண்டாங்கிக்கடை | செவ்வாய், காலை 10.40

வணக்கம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து கண்டாங்கிச் சேலைகளை இணையத்தில் விற்கிறோம். தளம் வூகாமர்ஸ் (இணையக் கடை நடத்தும் மென்பொருள்). கார்டுப் பணத்தை வாங்கித் தர ஓர் இந்திய கேட்வே நிறுவனம். விலை எல்லாம் இந்திய ரூபாயில் மட்டும்தான். ஆர்டரில் பாதிக்கு மேல் வெளிநாடு: சிங்கப்பூர், மலேசியா, கனடா, கொஞ்சம் லண்டன், அப்புறம் வளைகுடா.

வாட்ஸ்ஆப்பில் தினமும் வருகிற கேள்வி ஒன்றுதான்: "இது எங்க காசுக்கு எவ்வளவு வரும்?" பதில் சொல்லி மாளவில்லை. கேட்காதவர்கள் சேலையைக் கூடையில் (கார்ட்) போடுவது வரை வந்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள்.

ஐபி முகவரியைப் பார்த்து நாட்டைக் கண்டுபிடித்து, அந்த நாட்டுக் காசில் விலையைக் காட்டும் பிளக்இன்கள் (தளத்தோடு சேர்க்கும் துணை மென்பொருள்கள்) நிறைய இருக்கின்றன. மாற்று விகிதத்தையும் அதுவே தினமும் எடுத்துக்கொள்ளுமாம். இலவசமானது ஒன்றைப் போட்டால் போதுமா, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

சிங்கைசித்ரா | செவ்வாய், காலை 11.15

நான் விற்பவள் இல்லை, வாங்குபவள். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். பக்கம் முழுக்க 36 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று காட்டிவிட்டு, பணம் கட்டும் கடைசித் திரையில் ரூபாய்க்கு மாறும் கடைகள் இருக்கின்றன. மாத முடிவில் கார்டு பில்லைப் பார்த்தால் 37 வெள்ளி சொச்சம் போயிருக்கும். வேற்று நாட்டு நாணயத்தில் கழித்ததற்கு வங்கி தன் கட்டணத்தைச் சேர்த்திருக்கிறது. ஒரு வெள்ளிக்காக யாரும் சண்டை போடப் போவதில்லை. ஆனால் 36 என்று சொன்னது கடைதானே?

அதற்குப் பதிலாக நேராக ரூபாயிலேயே விலை போட்டிருந்தால், நானே மனதுக்குள் கணக்குப் போட்டு, கூடக் கொஞ்சம் வரும் என்று தயாராக இருந்திருப்பேன்.

உடன்குடியார் | செவ்வாய், பகல் 12.05

சித்ரா அம்மா சொல்வதுதான் சரி. நாங்கள் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் அனுப்புகிறோம். விலை ரூபாய், பில் ரூபாய், எல்லாம் ரூபாய். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு ரூபாய்க் கணக்கு தெரியாதா என்ன? ஊருக்குப் பணம் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் அன்றைய ரேட் மனப்பாடம். ரூபாயில் விலை போட்டால் "இது ஊர் விலை" என்று நம்பி வாங்குவார்கள். டாலரில் போட்டால் முதல் சந்தேகமே "நமக்கென்று ஏற்றி வைத்திருக்கிறானோ" என்பதுதான்.

பிஎச்பி_தாத்தா | செவ்வாய், மாலை 4.30

தம்பி கண்டாங்கிக்கடை, பிளக்இன் தேடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். விலையைக் காட்டும் காசு ஒன்று, கார்டிலிருந்து கழிக்கும் காசு ஒன்று, உங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழும் காசு ஒன்று. மூன்றாவது உங்களுக்கு எப்போதும் ரூபாய்தான். அதை வாங்குபவர் பார்க்கப் போவதில்லை. சண்டை எல்லாம் முதல் இரண்டும் ஒத்துப்போகாதபோது வருவது. இலவச பிளக்இன்கள் பலவும் முதலாவதை மட்டும் செய்கின்றன. சித்ரா சொன்னது அதைத்தான்.

வூகாமர்ஸ் மாதிரி இன்னொரு கடைத் தளமான ஷாப்பிஃபையிலும் இதே வில்லங்கம் உண்டு. அவர்களுடைய சொந்தப் பணம் வாங்கும் வசதி இந்தியாவில் இல்லை. அதனால் இங்கே டாலரில் விலை காட்டி ரூபாயில் செக்அவுட் முடியும் கடைகள் நிறைய.

என் கருத்து: எந்தக் காசில் காட்டுகிறீர்களோ அதே காசில் கழியுங்கள். முடியாவிட்டால் ரூபாயையே பெரிதாகப் போட்டு, கீழே சின்னதாக "ஏறக்குறைய இவ்வளவு வெள்ளி" என்று மட்டும் காட்டுங்கள். இந்திய கேட்வேக்களில் பெரியவை பல நாட்டு நாணயங்களில் கழித்து ரூபாயாகக் கொடுக்கின்றன. ஆனால் அது தானாகத் திறந்திருக்காது, உங்கள் கணக்குக்கு அனுமதி கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது மாற்று விகிதம். தினமும் தானாக மாற்ற விடாதீர்கள். 2,400 ரூபாய்ச் சேலை, ஒரு வெள்ளிக்கு 68 ரூபாய் என்று வைத்தால் 35.29 வெள்ளி. நாளைக்கு 35.41. மறுநாள் 35.17. கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ராத்திரி வருபவருக்கு வேறு விலை. பார்த்தாலே கணக்கு எந்திரம் துப்பிய எண் என்று தெரிகிறது.

கையால் விலை வையுங்கள். 38 வெள்ளி என்று வைத்துப் பாருங்கள். 68 வீதம் 2,584 ரூபாய். வெளிநாட்டுக் கார்டுக்கு கேட்வே 3 சதவீதம் என்றால், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3.54, சுமார் 91 ரூபாய். காசை மாற்றும்போது ரேட்டில் இன்னொரு 2 சதவீதம் பிடிக்கிறார்கள் என்று வைத்தால் 52. கையில் நிற்பது 2,441. ரூபாய் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்கு நட்டமில்லை. உடன்குடியார் அண்ணாச்சி ரூபாயில் வாங்கினாலும் வெளிநாட்டுக் கார்டு என்றால் அந்த 3.54 உண்டு. அவர் அதைத் தன் லாபத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

உடன்குடியார் | செவ்வாய், மாலை 5.10

கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தெரிந்துதான் கொடுக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் 38க்கு வருவோம். ரேட்டுப்படி 35. மூன்று வெள்ளி கூட வைத்தால் அது ஏற்றின விலைதானே? நாட்டைப் பார்த்து விலை சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஸ்கார்பரோ_மாமி | புதன், அதிகாலை 2.20

(இங்கே இன்னும் செவ்வாய் சாயங்காலம்தான்.)

உடன்குடியார் அண்ணா, நான் நாட்டை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஆள். மூலையில் இந்தியா, கனடா என்று தேர்வு இருந்தால் இரண்டையும் பார்த்து வகுத்துப் பார்ப்பேன். பத்துச் சதவீதத்துக்குள் இருந்தால் கண்டுகொள்ள மாட்டேன். ஏனென்றால் ரூபாயில் கட்டினாலும் என் கனடா கார்டு இரண்டரைச் சதவீதம் எடுக்கிறது, இங்கே பெரும்பாலான கார்டுகளுக்கு அதுதான் கணக்கு. ஒரு கடையில் கனடா விலை இந்திய விலையைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. அந்தத் தேர்வையே ஒளித்து வைத்திருந்தார்கள், மதுரையில் இருக்கும் தங்கை அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்தக் கடைப் பக்கம் அப்புறம் போகவில்லை.

இன்னொன்று. ஷிப்பிங்கைச் சேர்த்தே விலை வைத்தால் இந்த ஒப்பீடே எழாது. "62 டாலர், கனடாவுக்கு அனுப்பும் செலவு உட்பட" என்றால் எனக்கு அதுதான் விலை. இங்கே கடைத்தெருவில் அதே சேலை என்ன விலைக்குப் போகிறது என்பதோடுதான் ஒப்பிடுவேன், காரைக்குடி விலையோடு இல்லை.

உடன்குடியார் | புதன், காலை 7.30

அனுப்பும் செலவைச் சேர்ப்பது சரி. கருப்பட்டிக்கு அது முடியாது, எடை. ஒரு கிலோ கருப்பட்டியை விட அதை அனுப்பும் செலவு பல மடங்கு. சேர்த்துப் போட்டால் விலையைப் பார்த்தே ஓடிவிடுவார்கள்.

வடமராட்சி | புதன், காலை 9.05

எல்லாரும் டாலரையும் வெள்ளியையும் பற்றியே கதைக்கிறீங்கள். எங்கட பக்கம் உள்ள சிக்கலைச் சொல்லட்டா? ஒரு தமிழ்நாட்டுக் கடையில் "ரூ. 2,400" என்று போட்டிருந்தது. தமிழில் எழுதின தளம், தமிழில் ரூ. மச்சாள் அதை இலங்கை ரூபாய் என்றே நினைத்து வாங்கிவிட்டா. வங்கியில் போனது எட்டாயிரத்துக்கு மேலே. இந்திய ரூபாய் ஒன்று எங்கட காசில் மூன்றரை அளவில் வருமெல்லோ. கடைக்காரர் மேல் பிழை சொல்லவும் ஏலாது, அவர் தன்ர ரூபாயைத்தானே போட்டார்.

2010இல் வந்த புதுக் குறி இந்தியாவுக்கு மட்டும் உரியது. அதைப் போட்டால் ஓரளவு விளங்கும். வெறும் "ரூ" என்றால் இலங்கை, நேபாளம், பாகிஸ்தான், மொரீசியஸ் எல்லாருக்கும் ரூதான். டாலர் குறியும் அப்படித்தான்: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் நாலுக்கும் ஒரே குறி.

கையால் விலை வைக்கச் சொல்லுற ஐயாவுக்கு ஒரு கேள்வி. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டாலர் இங்கே 200 ரூபாய் அளவில் நின்றது. மே மாதத்தில் 360. அந்த நேரம் இலங்கை ரூபாயில் விலை வைத்து மறந்துபோயிருந்த கடைக்காரரின் நிலை என்ன?

பிஎச்பி_தாத்தா | புதன், காலை 10.00

நல்ல கேள்வி. அதனால்தான் எல்லா நாட்டுக்கும் கைவிலை வைக்கச் சொல்லவில்லை. ஆர்டர் வருகிற, ரேட் நிதானமாக நிற்கிற நான்கைந்து நாணயம் போதும். கண்டாங்கிக்கடைக்கு வெள்ளி, ரிங்கிட், கனடா டாலர், பவுண்டு, திர்ஹம். திர்ஹம் 1997 முதல் அமெரிக்க டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்டது, டாலரைக் கவனித்தால் போதும். மற்ற நாடுகளுக்கு அமெரிக்க டாலர், அல்லது இந்திய ரூபாய் என்று முழுதாக எழுதியே காட்டலாம். இலங்கைக்கு நான் இந்திய ரூபாயில் கழித்து, பக்கத்தில் "சுமார் இலங்கை ரூபாய் இவ்வளவு" என்று காட்டுவேன். அந்தச் சுமார் எண்ணை மட்டும் தினமும் தானாக மாற விடலாம், அதனால் யாருக்கும் நட்டமில்லை.

அந்தத் தானியங்கி எண் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். இலவச பிளக்இன்கள் பல ஐரோப்பிய மத்திய வங்கியின் பட்டியலைப் படிக்கின்றன. வேலை நாட்களில் ஒரு முறை வெளியாகும், சுமார் முப்பது நாணயங்கள். இந்திய ரூபாய், வெள்ளி, ரிங்கிட் எல்லாம் அதில் உண்டு. இலங்கை ரூபாயும் குவைத் தினாரும் திர்ஹமும் கிடையாது. நம் வாடிக்கையாளர் யார் என்று பார்த்தால் அந்த மூன்றும்தான் நமக்கு வேண்டும். எண் கிடைக்காவிட்டால் சில பிளக்இன் பழைய எண்ணையே சத்தமில்லாமல் காட்டிக்கொண்டிருக்கும்.

சால்மியாவாசி | புதன், பகல் 1.45

குவைத் என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் தினாருக்குப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம். 1000 ஃபில்ஸ் ஒரு தினார். பஹ்ரைன் தினாருக்கும் ஓமான் ரியாலுக்கும் அதே மூன்று இலக்கம்தான். 8.570 என்பதை 8.57 என்று காட்டினால் எங்களுக்குப் புரியும், பரவாயில்லை. கேட்வேக்கு அனுப்பும்போதுதான் வினை. அவர்கள் தொகையைச் சிறு காசில் கேட்பார்கள். ரூபாய்க்கு நூறால் பெருக்குகிற மாதிரி தினாருக்கும் நூறால் பெருக்கி 857 என்று அனுப்பினால், அது 857 ஃபில்ஸ். ஒரு தினார்கூட இல்லை.

பிஎச்பி_தாத்தா | புதன், பகல் 2.10

ஜப்பான் யென்னுக்கு நேர் எதிர். அதற்குச் சில்லறையே கிடையாது. நூறால் பெருக்கினால் வாங்குபவரிடம் நூறு மடங்கு கேட்கும். எந்த நாணயத்துக்கு எத்தனை இலக்கம் என்பது ஐஎஸ்ஓ 4217 தரத்தில் இருக்கிறது, நல்ல பிளக்இன் அதைப் பார்த்துக்கொள்ளும். புதிதாக ஒரு நாணயம் சேர்த்தால் தெரிந்தவர் ஒருவரை வைத்து ஒரு முறை உண்மையாகவே வாங்கிப் பாருங்கள். சோதனை முறையில் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள்.

கண்டாங்கிக்கடை | புதன், இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. வெள்ளியும் ரிங்கிட்டும் மட்டும் முதலில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, கனடாவில் இருக்கும் மகன் மதுரையில் இருக்கும் அம்மாவுக்குச் சேலை அனுப்பச் சொல்கிறார், இந்த மாதிரி ஆர்டர் தீபாவளிக்கு நிறைய. அவருக்கு எந்தக் காசு? இரண்டு, ஆடிட்டர் பக்கம் ஏதாவது மாறுமா?

கணக்குப்பிள்ளை | வியாழன், காலை 6.50

இரண்டாவது கேள்வி முதலாவதற்குள்ளேயே இருக்கிறது. அவர் கனடா டாலரில் கட்டினாலும் சேலை மதுரைக்குத்தான் போகிறது. சரக்கு இந்தியாவை விட்டு வெளியே போகவில்லை என்றால் அது ஏற்றுமதி இல்லை. பருத்திச் சேலைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டுத்தான் பில் கொடுக்க வேண்டும். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதால் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிக் கடிதம்) கணக்கில் தள்ளிவிடாதீர்கள். பிளக்இன் ஐபியைப் பார்த்து வரியை எடுத்துவிட்டால் அது உங்கள் தலையில் விடியும். காசை முடிவு செய்வது ஐபியாக இருக்கலாம், வரியை முடிவு செய்ய வேண்டியது டெலிவரி முகவரி.

நிஜ ஏற்றுமதிக்கு: ஒரே ஆர்டருக்கு மூன்று ரூபாய்த் தொகை வரும், பயப்படாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குக்குச் சுங்கத்துறை அறிவிக்கும் விகிதம் (சிஜிஎஸ்டி விதி 34). கேட்வே மாற்றிய விகிதம் வேறு. கட்டணம் கழித்து வங்கியில் விழுந்தது வேறு. ஆர்டர் எண்ணை வைத்து மூன்றையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றை கேட்வேயிடம் மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். வருடக் கடைசியில் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

இன்னொரு விஷயம், இது கரன்சியைத் தாண்டியது. பவுண்டில் விலை போட்டால் பிரிட்டனில் இருப்பவர் அதை வரி சேர்ந்த விலை என்றே எடுத்துக்கொள்வார், அங்கே வழக்கம் அது. 2021 ஜனவரி முதல் 135 பவுண்டு வரையான பார்சலுக்கு அந்த நாட்டு வாட் வரியை விற்பவரே பதிவு செய்து வாங்கிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுக்கும் போய்விட்டது. ஆகவே வீட்டு வாசலில் கூரியர்காரர் வரி கேட்பாரா மாட்டாரா என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். சொந்தக் காசில் விலை பார்த்தவருக்கு "இதுதான் மொத்தம்" என்ற எண்ணம் இன்னும் உறுதியாக வரும். கோபமும் அதே அளவுக்கு வரும்.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை 2023 முதல் 400 வெள்ளி வரையான சரக்குக்கும் ஜிஎஸ்டி உண்டு, இப்போது 9 சதவீதம். ஆனால் வெளிநாட்டு விற்பவர் பதிவு செய்வதற்கான வரம்பு பெரிது: மொத்த விற்பனை ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளி, அதில் சிங்கப்பூருக்கு மட்டும் ஒரு லட்சம், இரண்டையும் தாண்ட வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை வந்தால் சந்தோஷப்படுங்கள்.

சிங்கைசித்ரா | வியாழன், காலை 8.15

வெள்ளியில் தொடங்குவதாகச் சொன்னதால் ஒரு சின்ன எச்சரிக்கை. "எந்தக் கூடுதல் கட்டணமும் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். வெள்ளியில் கழித்தாலும், பணம் வாங்குவது வெளிநாட்டுக் கடை என்றால் இங்குள்ள வங்கிகள் பல 1 சதவீதம் அளவுக்கு எடுக்கின்றன. ரூபாயில் கழிப்பதை விட இது குறைவு. ஆனாலும் சுழியம் இல்லை.

வெள்ளியில் கழிப்பதில் எனக்குப் பிடித்தது ரீஃபண்ட். 38 வெள்ளி கட்டினால் 38 வெள்ளியே திரும்பும். ரூபாயில் கட்டித் திரும்ப வாங்கும்போது ரேட் மாறியிருக்கும், கட்டியதை விடக் குறைவாக வரும், யாரிடம் கேட்பது என்றே தெரியாது.

பிஎச்பி_தாத்தா | வியாழன், காலை 11.30

தொடங்கும் முன் பார்க்க வேண்டிய சில்லறை வேலைகள்.

கேஷ். பக்கத்தைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் பிளக்இன் இருந்தால், முதலில் வந்த சிங்கப்பூர்க்காரருக்கான வெள்ளி விலையை அடுத்து வரும் மதுரைக்காரருக்கும் காட்டும். வூகாமர்ஸில் வாடிக்கையாளரின் இடத்தைத் தீர்மானிக்கும் அமைப்பில் கேஷுக்கு ஒத்துப்போகும் தேர்வு ஒன்று உண்டு, அதைப் போடுங்கள். ஐபியை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்க மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனத்தின் சாவி (அனுமதி எண்) ஒன்று வேண்டும், இலவசம்தான்.

கூகுள். தளங்களைப் படித்துப் பட்டியலிடும் அதன் நிரல் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஐபியை மட்டும் நம்பினால் அது உங்கள் கடையை டாலர் கடையாகவே பார்க்கும். கூகுள் ஷாப்பிங்கில் ரூபாய் விலை கொடுத்திருந்து பக்கத்தில் டாலர் தெரிந்தால், விலை பொருந்தவில்லை என்று பொருளை நிறுத்திவிடும். பக்கத்தின் இணைய முகவரியிலேயே நாணயம் தெரிகிற மாதிரி தனி இணைப்பு கொடுப்பது நல்லது. வாட்ஸ்ஆப்பில் விலை கேட்பவருக்கும் அந்த இணைப்பை அனுப்பிவிடலாம்.

கூப்பன். "200 தள்ளுபடி" என்று ரூபாயை நினைத்துப் போட்டது வெள்ளியில் 200 ஆகிவிட்டால் சேலையே இலவசமாகப் போய்விடும். சதவீதக் கூப்பன் மட்டும் வையுங்கள். "2,000க்கு மேல் ஷிப்பிங் இலவசம்" என்பதும் இதே வகை, அங்கே தப்பு மறு பக்கம் போகும்: வெள்ளிக்காரர் யாருக்கும் அந்தச் சலுகை கிடைக்கவே கிடைக்காது.

விற்பனை அறிக்கை. வெறும் வூகாமர்ஸ் 38 வெள்ளியையும் 2,400 ரூபாயையும் கூட்டி 2,438 என்று காட்டும். ரூபாய்க்கு மாற்றிச் சேமிக்கும் பிளக்இனாகப் பார்த்து வாங்குங்கள். காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

வடமராட்சி | வியாழன், மாலை 6.40

நாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கிறது சரி, மாற்றுறதுக்கு ஒரு இடமும் வையுங்கோ. இங்கே கைபேசி இணைப்பில் சில நேரம் வேற நாடு என்று காட்டும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு யூரோவில் விலை பார்த்திருக்கிறன்.

உடன்குடியார் | வியாழன், இரவு 9.10

நான் ரூபாயிலேயே இருந்துகொள்கிறேன். ஆனால் அந்த மச்சாள் விஷயம் மனதை உறுத்துகிறது, யாழ்ப்பாணத்துக்கும் அனுப்புகிறோம். விலைக்குப் பக்கத்தில் "இந்திய ரூபாய்" என்று முழுதாக வரவைக்க எங்கே மாற்ற வேண்டும்? பொது அமைப்பில் தேடினேன். குறி முன்னால் வேண்டுமா பின்னால் வேண்டுமா என்றுதான் கேட்கிறது, குறியை மாற்ற இடம் இல்லை.

பிஎச்பி_தாத்தா | வியாழன், இரவு 9.25

அண்ணாச்சி, அங்கே கிடைக்காது. வரி அமைப்புக்குள் போங்கள், விலைக்குப் பின்னால் சேர்க்க ஒரு பெட்டி இருக்கும். அதில் "இந்திய ரூபாய்" என்று தமிழிலேயே அடித்துவிடலாம். வரிக் கணக்கை இயக்கி வைத்திருந்தால்தான் அந்தப் பெட்டி வேலை செய்யும். இயக்காவிட்டால் தீமில் (தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புகளில்) நாலு வரி நிரல் சேர்க்க வேண்டும், தனிச் செய்தியில் அனுப்புகிறேன். லட்சத்துக்கு இந்திய முறையில் காற்புள்ளி வேண்டும் என்று அடுத்துக் கேட்பீர்கள், அதற்கும் அதிலேயே சேர்த்துவிடுகிறேன்.